குப்புறப் படுத்த பிள்ளைகள்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விடுதி அறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. போன் செய்தால் "பிள்ளைங்க அழுவுது, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நம்முடையதைப் போன்ற குழந்தைகள் காப்பகத்தில் ஒருவராவது பயிற்சி முடிக்காமல் இனி உரிமம் கிடையாதாம். நீங்களோ "எனக்கு இடுப்பு வலி, நீ போ" என்று என்னைத் தள்ளிவிட்டீர்கள். இங்கே பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்கள்! தொண்டையில் ஏதாவது சிக்கினால் எப்படித் தட்டுவது என்று ரப்பர் பொம்மையை வைத்துப் பழகினோம். என் பொம்மை பிழைக்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது.

இன்று சொன்ன ஒன்று மனதைப் பிசைகிறது. கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்கக் கூடாதாம். தலையணை, கனத்த போர்வை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். மூச்சு முட்டிவிடுமாம். என் பாப்பாவை மல்லாந்து படுக்கவையுங்கள் அண்ணி. அவள் உங்களிடம் இருக்கிற தைரியத்தில்தான் வந்திருக்கிறேன்.

உங்கள் செல்ல நாத்தனார்


ஜூன் 9

பொம்மை டாக்டருக்கு,

பாப்பா நலம். உன் அண்ணனைப் பார்த்தால் முடியைப் பிடித்து இழுக்கிறாள். இருக்கிறதே கொஞ்சம், அதுவும் போகப்போகிறது. உன் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போகிறார். பாப்பா உன்னைத் தேடவில்லை என்றால் கோபித்துக்கொள்வாய், தேடினாள் என்றே எழுதுகிறேன்.

குப்புறப் போட்டால்தான் பிள்ளை அடித்துப்போட்டாற்போல் தூங்கும். என் பையன்கள் இரண்டு பேரும் அப்படித்தான் வளர்ந்து இன்று தலை நிலையில் இடிக்க நிற்கிறார்கள். நேற்று வரைக்கும் பிள்ளையைத் தூக்கத் தெரியாத நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா? சான்றிதழை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வந்து சேர். ஒற்றை ஆளாக அல்லாடுகிறேன்.

அண்ணி


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எப்படித் தூங்குகிறாள்? கேட்டதற்குப் பதிலைக் காணோமே.

செய்முறைத் தேர்வில் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தேன். பயிற்சி தருகிற அம்மா, "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்றார். என்னவென்று சொல்வது? மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரம் வந்தாலே எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்த் தாழ்வாரத்தில் நடக்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும்.

நாத்தனார்


ஜூன் 17

மல்லாந்துதான் தூங்குகிறாள். போதுமா? உன் பிள்ளைக்கு நான் எமனா? நம்பிக்கை இல்லாவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போ.


ஜூன் 23

அண்ணி,

நேற்று சொல்லாமல் வந்தது தப்புதான். "வேவு பாக்க வந்தியா?" என்று கேட்டீர்கள். ஆமாம்.

பாப்பா மல்லாந்துதான் கிடந்தாள், தலையணை இல்லாமல். உங்களைக் கட்டிக்கொள்ளத் திரும்பினேன். அப்போதுதான் மற்ற மெத்தைகளைப் பார்த்தேன். அத்தனை பிள்ளைகளும் குப்புற. ஒவ்வொருவராகப் புரட்டிப் போட்டேன். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு, "உம் பிள்ளைய உன் இஷ்டப்படிதானே போட்டேன், இன்னும் என்ன?" என்றீர்கள்.

அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் எங்கெங்கோ நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் அண்ணி. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நாளை சான்றிதழ் தருகிறார்கள். அதைக் காட்டி நீங்கள் உரிமம் வாங்க நான் சம்மதிக்க மாட்டேன். அடுத்த வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. நீங்கள் வாருங்கள், காப்பகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வராவிட்டால் அந்த அம்மாக்களிடம் நானே சொல்வேன். அதன் பிறகு நீங்கள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி.

இவ்வளவுக்கும் பிறகு பாப்பாவை உங்களிடம்தான் விட்டு வந்திருக்கிறேன். அதையும் நினைத்துப் பாருங்கள்.

நாத்தனார்


ஜூலை 2

நாத்தனாருக்கு,

வந்து சேர்ந்தேன். உன் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டார். உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இன்று வகுப்பில் ஒரு பெண்ணைப் பேசக் கூப்பிட்டார்கள். முன்பு காப்பகம் நடத்தியவள். என்னைவிடப் பொறுமைசாலியாகத் தெரிந்தாள். ஒரு மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பால் ஆற்றப் போனாளாம். "பக்கத்து ரூம்லதான் இருந்தேன். சத்தமே வரல அக்கா" என்றாள். திரும்பி வந்து பார்த்தபோது குப்புறக் கிடந்த ஒரு பிள்ளைக்கு மூச்சு இல்லையாம்.

இத்தனை வருஷம் என்னிடம் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை என் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது ஒவ்வொரு முகமாகக் கண்முன்னால் வருகிறது.

தூங்கும் அறைக் கதவைச் சாத்தாதே. அடுப்பில் எது பொங்கினாலும் பொங்கட்டும். நீ அங்கேயே உட்கார்ந்திரு.

அண்ணி