வர்ஷா அறை, பதினான்கு டிகிரி

நவம்பர் 3, திங்கள்

நேற்று முழுக்க என் வீட்டுக்காரர் அஸ்வந்த் ஏணி மேலேயே இருந்தார். அறைக்கு அறை மின்சார ஹீட்டர், ஹாலில் அவற்றை ஆளும் தெர்மோஸ்டாட் என்று போன மாதமே மாட்டியாயிற்று. குன்னூரில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் இது கிடையாது. ஆனால் ஹாலை ஒட்டித்தான் சமையலறை. நான் நாலு தோசை சுட்டால் போதும், வீடே சூடாக இருக்கிறது என்று முடிவு கட்டி அது எல்லாவற்றையும் அணைத்துவிடும். உள்ளே மகள் வர்ஷா நடுங்குவாள்.

அதற்காக இப்போது அறைக்கொரு சென்சார். வெள்ளை நிறம், தீப்பெட்டி அளவு. அறையில் எத்தனை டிகிரி, ஆள் நடமாட்டம் உண்டா என்று பார்த்துச் சொல்லுமாம். ஆள் இருக்கிற அறைக்கு மட்டும் சூடு. எல்லாம் அவர் போனில். என் போனில் பார்க்கலாம், மாற்ற முடியாது. ஹீட்டர் சுவிட்சுக்கும் நம்பர் பூட்டு. "கொழந்த கை வெச்சுரும்" என்றார். ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டாத சுவிட்சுக்கு எதற்குப் பூட்டு? கேட்கவில்லை.

காலையில் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டார். இனி வெள்ளிக்கிழமைதான் வருவார். வர்ஷா சென்சாரைத் தொடப் போனாள், தொடையில் கிள்ளிவிட்டேன். சிவந்துவிட்டது. எனக்கும் கை நீண்டுவிடுகிறது.

நவம்பர் 5

வர்ஷா அசையாமல் தூங்கினால் அறையில் ஆளில்லை என்று நினைத்து சூட்டை நிறுத்திவிடுகிறது. தூங்குகிற பிள்ளை இல்லாத பிள்ளையாம்!

நவம்பர் 7, வெள்ளி

வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "செவ்வாக்கெழம பதினொன்னேகாலுல இருந்து பன்னெண்டர வரைக்கும் ஊட்டுல ஒரு ரூம்லயும் ஆளில்ல. எங்கடி போன?"

பக்கத்து வீட்டு ஈவ்லின் அக்காவுக்கு ரவிக்கை அளவெடுக்கப் போனேன். சொல்லி முடிப்பதற்குள் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். இரண்டு தடவை. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் முதலில் துடைத்தது தெர்மோஸ்டாட்டின் கண்ணாடியை.

முன்பும் அடித்திருக்கிறார். குடி, கோபம் என்று ஏதாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன். இது அப்படியில்லை. செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு, மூன்று நாள் பேசாமல் வைத்திருந்து, வந்து அடித்திருக்கிறான். ஆமாம், அடித்திருக்கிறான். இந்த நோட்டிலாவது இனி அவனுக்கு மரியாதை கிடையாது.

நவம்பர் 12

போனில் எதிர்த்துப் பேசிவிட்டேன். "அந்தப் பொட்டி சொல்றதுதான் உங்களுக்கு நெசமுங்களா?" என்றேன். ஐந்து நிமிடத்தில் வர்ஷா அறை ஹீட்டர் அணைந்தது. திரும்பக் கூப்பிட்டால், "உன்ற வாய் சூடாத்தான இருக்குது, அதுலயே குளுரு காஞ்சுக்க" என்கிறான்.

என் அறையை அணைத்திருக்கலாம். பிள்ளை அறையைத்தான் அணைத்தான். எங்கே தொட்டால் எனக்கு வலிக்கும் என்று தெரியும் அவனுக்கு.

சப்பாத்திக் கட்டையால் அந்தச் சென்சாரை நொறுக்க வேண்டும். அப்படியே அவன் பல்லையும்.

நவம்பர் 18

மழை விடவில்லை. வர்ஷாவை என் அறைக்குத் தூக்கிப்போனால் அதையும் அணைத்துவிடுகிறான். வர்ஷா அறை பதினான்கு டிகிரி.

நவம்பர் 20, வியாழன்

வர்ஷாவுக்குக் காய்ச்சல், மூச்சு இழுப்பு வேறு. டாக்டர் மருந்து கொடுத்து, கதகதப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அவனைக் கூப்பிட்டேன். "மன்னிப்புக் கேளு" என்றான். கேட்டேன். ஐயோ, கேட்டேனே! சிரித்தான். "சேரி, நாளைக்கு வந்து பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அணைந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு. ஆஸ்பத்திரி

வர்ஷா பிழைத்துக்கொண்டாள். நானும். இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது.

வெள்ளி மதியம் ஈவ்லின் அக்காவிடம் குளிர்காயக் கரிச்சட்டி வாங்கி வந்தேன். "கதவத் தெறந்து வெச்சுக்க தாரிணி" என்று அக்கா சொல்லித்தான் கொடுத்தார். வர்ஷா அறையில் வைத்தேன். முதலில் கதவைத் திறந்துதான் வைத்தேன். ஈரக்காற்று நேரே கட்டிலுக்கு வந்தது. பிள்ளைக்குப் பல் கிட்டிக்கொண்டது. ஐந்து நிமிடம்தானே என்று கதவைத் தாழிட்டு, அடியில் பழைய சேலையைச் செருகினேன். அறை எவ்வளவு சுகமாகிவிட்டது! அவளைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அதற்குமேல் ஞாபகம் இல்லை.

மூடின அறையில் கரிப்புகை குடும்பத்தோடு கொல்லும் என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு குளிருக்கும் பேப்பரில் வருகிறது. நானே படித்து உச்சுக்கொட்டியிருக்கிறேன். தெரிந்தே செய்தேன். என் கையால்.

அவன்தான் ஜன்னலை உடைத்து எங்களைக் காப்பாற்றினானாம். மாமியார் காளியம்மாள் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எம் பையன் மட்டும் வரலீன்னா ரெண்டும் இந்நேரம் பொணமுங்க." அவன் தலையைக் குனிந்து பாராட்டை வாங்கிக்கொள்கிறான்.

நவம்பர் 24

நர்ஸ் ஆன்சி உடம்பு துடைத்தபோது என் விலாவைப் பார்த்து நின்றுவிட்டார். கன்றி நீலமாகக் கிடக்கிறது. "இது புகையால வர்றது இல்லையே" என்றார். எனக்கே தெரியவில்லை, எப்படி வந்தது?

சாயங்காலம் ஈவ்லின் அக்கா வந்து உட்கார்ந்தார். அழுதுகொண்டேதான் சொன்னார். அவன் மலையேறி வரும் வழியில் போனைப் பார்த்திருக்கிறான். ஹீட்டர் ஓடவில்லை, ஆனால் வர்ஷா அறை இருபத்தாறு டிகிரி. 'எவன்டி உனக்கு ஹீட்டர் கொண்டாந்து குடுத்தான்' என்று கத்திக்கொண்டே ஸ்பானரால் ஜன்னலை உடைத்துக் குதித்திருக்கிறான். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்து பார்த்தபோது, கீழே இழுத்துப்போட்டு என்னை மிதித்துக்கொண்டிருந்தான். "நாலஞ்சு மிதி, தாரிணி. நான்தான் கத்துனேன், டேய், அவளுக்கு மூச்சே இல்லடான்னு. அப்புறம்தான் கொழந்தையவே திரும்பிப் பாத்தான்."

காப்பாற்ற வரவில்லை. அடிக்க வந்தான். அடிக்க உடைத்த ஜன்னலில் காற்று வந்தது, அவ்வளவுதான்.

அக்கா போனதும் என் போனில் அந்த ஹீட்டர் ஆப்பைத் திறந்தேன். அவன் எதையும் அழிக்கவில்லை. 'வர்ஷா அறை, நிறுத்தம்', தேதி, நேரம், அவன் பெயர். ஒன்பது நாளில் பதினாறு தடவை போட்டுப் போட்டு அணைத்திருக்கிறான். ஒவ்வொன்றையும் படம் பிடித்து ஈவ்லின் அக்காவுக்கு அனுப்பினேன்.

நவம்பர் 25

நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவன் என் காதோரம் குனிந்தான். "வாயத் தொறந்த, கரி வெச்சுப் புள்ளயக் கொல்லப் பாத்தது நீதான்னு சொல்லுவேன். உன்னயத்தான் உள்ள வெப்பாங்க."

கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. மூக்கிலேயே ஓங்கி அடித்தேன். மளுக்கென்றது. வார்டே எழுந்து நின்றது. மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. இன்னொன்று அடிக்கத்தான் கை ஓங்கினேன், ஆன்சி பிடித்துக்கொண்டார். "போதும். இனி பேசுங்க, எழுதிக்க ஆளக் கூப்பிடறேன்."

நவம்பர் 27

பெண் போலீசிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரியை வைத்தது நான், கதவைத் தாழிட்டது நான் என்றுதான் ஆரம்பித்தேன். அவன் அதைச் சொல்லுமுன் நான் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. எழுதிக்கொண்டிருந்த போலீஸ் அம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அப்புறம் பதினாறு படங்களையும் காட்டினேன். ஈவ்லின் அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு. கேத்தி

ஈவ்லின் அக்காவின் அண்ணன் வீட்டுப் பின்னால் ஒரே அறை, வாடகைக்கு. அவன் ஜாமீனில் வந்துவிட்டான். எங்கள் பக்கம் வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. தையல் நன்றாக ஓடுகிறது.

இன்று காலை வர்ஷா ஓடிவந்து, முடித்து வைத்திருந்த கல்யாண ரவிக்கைமேல் காபியைக் கொட்டிவிட்டாள். நாலு நாள் வேலை. மர ஸ்கேலோடு எழுந்துவிட்டேன். கை மேலே போய்விட்டது.

அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் அப்படித்தான் ஒட்டிக்கொள்வேன்.

ஸ்கேலைக் கீழே போட்டேன். கிட்டே வரட்டுமா என்று கேட்டேன். "அப்புறமா" என்றாள். சரி சாமி என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. இங்கிருந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.