கண்ணாடிக் குழலை உடைக்கும் முன் படம் எடுக்கக் கோருதல்

அனுப்புநர்
ஆராய்ச்சி மாணவியின் பாட்டி (தாயைப் பெற்றவள்),
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் மாடி வீடு,
ஆய்வு நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வேதிப்பொருள் ஆய்வு நிலையம்.

பொருள்: என் பேத்தி செய்த பொருளில் மிச்சமிருக்கும் கடைசிக் கண்ணாடிக் குழலைத் திங்கட்கிழமை விசாரணைக் குழு உடைப்பதற்கு முன்பு, மூடியது மூடியபடியே எக்ஸ்ரே படம் எடுக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து என் பேத்திக்கு வந்த மூன்று வரிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம்.

1. தங்கள் நிலையத்தில் புதுப் பொருள் செய்யும் பிரிவில் ஆராய்ச்சி செய்யும் மாணவி என் மகள் வயிற்றுப் பேத்தி. மகளும் மருமகனும் வேலைக்காக வேறு ஊரில் இருப்பதால் அவள் என்னோடுதான் இருக்கிறாள். விசாரணை முடியும் வரை அவள் தங்களுக்கோ குழுவுக்கோ எதுவும் எழுதக்கூடாது என்று உத்தரவு. பாட்டி எழுதக்கூடாது என்று அதில் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன். இந்த மனு அவளுக்குத் தெரியாது. தெரிந்தால், "பாட்டி, என் மானத்த வாங்காத" என்பாள். மானம் ஏற்கெனவே தங்கள் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. நான் வாங்குவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

2. அவள் செய்தது வலிப்பு நோய்க்கு மருந்தாக வரக்கூடிய ஒரு வெள்ளைப் பொடி. அதன் பெயர் என் வாயில் நுழையாது. ஆனால் அவள் சொல்லிக் கேட்டதில் எனக்குப் புரிந்தது இது. அந்தப் பொருள் இரண்டு விதமாக உறையும். ஒன்று ஊசி ஊசியாக. அது தண்ணீரில் சட்டென்று கரையும், உடம்பில் சேரும். மற்றது தகடு தகடாக. அதை விழுங்கினால் வந்த வழியே போய்விடும். இரண்டிலும் இருப்பது ஒரே சரக்கு. உள்ளே அடுக்கியிருக்கும் முறை மட்டும் வேறு. ஊசியை முதன்முதலில் செய்தவள் என் பேத்தி. செய்து, எக்ஸ்ரே படம் எடுத்து, எழுதி அனுப்பி, அச்சிலும் வந்தது. வந்த அன்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "உங்க பேத்தி கை ராசியான கைம்மா" என்றார். விசாரணைக் குழுவின் முன்னால் அதே வாய்க்கு ஏன் பூட்டு விழுந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

3. ஊசியை நானும் பார்த்திருக்கிறேன். தங்கள் ஆண்டு விழாவுக்கு வீட்டாரையும் அழைத்திருந்தீர்கள். அன்று என்னை முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, தாமதமாக வந்த ஒருவரை உட்கார வைத்தார்கள். எழுப்பியவர் சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தார். அதற்கும் இந்த மனுவுக்கும் தொடர்பில்லை. எதையும் மறக்கிறவள் இல்லை என்பதற்காகச் சொன்னேன். பிறகு ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். எனக்கு முன்னால் குனிந்தவர் தாங்கள். நிமிர்ந்து, "அடடே, பூனைமுடி மாதிரி இருக்கே" என்றீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். எத்தனையோ பேருடைய எத்தனையோ பொடியைக் குனிந்து பார்க்கிறவர் தாங்கள். நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

ஆனால் இதைச் சாட்சியாக வைக்க வேண்டாம் என்று என் பேத்தியே சொன்னாள். "வெளியில தெரியுற வடிவம் சாட்சி இல்ல பாட்டி. உள்ள எப்படி அடுக்கியிருக்குன்னு எக்ஸ்ரே சொல்லணும், அதான் சாட்சி" என்றாள். தனக்குச் சாதகமாக இருப்பதையும் தள்ளி வைக்கிற பெண்ணைத்தான் பொய்க்காரி என்கிறார்கள்.

4. விழா முடிந்து, மழைக்காலமும் முடிந்த பிறகு, நீண்ட விடுமுறையில் பெரிய பாத்திரம் ஒன்றைத் தொடாமல் விட்டிருந்தார்கள். திரும்பி வந்து திறந்தபோது அதற்குள் ஊசி இல்லை, தகடு இருந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் யார் செய்தாலும், எந்தப் பாத்திரத்தில் செய்தாலும் தகடுதான். என் பேத்தி பழைய முறையை அச்சுப் பிசகாமல் செய்தாள், தகடு. பாத்திரம் எல்லாவற்றையும் அமிலத்தில் கழுவினாள்; தகடு. கை எல்லாம் வெந்துபோய் வந்து நின்றாள்.

ஏன் இப்படி என்று கேட்டேன். நாங்கள் அப்போது பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தோம். "இந்தக் கூட்டத்தப் பாரு பாட்டி. எல்லாரும் நிக்கிறாங்க. ஒருத்தர் தரையில உக்காந்தா பக்கத்துல இருக்கிறவரும் உக்காருவார். அப்புறம் எல்லாரும் உக்காந்துடுவாங்க. உக்காந்த கூட்டத்த எழுப்ப முடியுமா? ஊசின்னா நிக்கிறது, தகடுன்னா உக்காந்தது" என்றாள். உட்கார்ந்ததில் ஒரு துகள், கண்ணுக்குத் தெரியாத தூசு, காற்றில் இருந்தால் போதுமாம். விழுந்த இடத்தில் எல்லாவற்றையும் தன் மாதிரியே உட்கார வைத்துவிடுமாம். இப்படி ஒரு வடிவம் வந்து இன்னொரு வடிவத்தை இல்லாமல் செய்வது வேறு நாடுகளிலும் நடந்திருக்கிறதாம், படித்தவர்கள் எழுதியும் வைத்திருக்கிறார்களாம். தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

5. அந்தச் சமயத்தில் பேராசிரியரின் மேசையில் பழைய ஊசி ஒரு புட்டி நிறைய இருந்தது. பார்க்க வந்தவர்களுக்கு அதை அதே அறையில் திறந்து காட்டினார். சில நாளில் புட்டிக்குள் தகடு. அதைப் பார்த்ததும் அவளுக்கு மூத்த மாணவர் ஒருவர், நெட்டையாக இருப்பார், "எங்கம்மா உன் ஊசி, தையல்காரி? நூலோட போயிடுச்சா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். என் பேத்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தாரும் செய்து பார்த்தார்கள், அவர்களுக்கும் தகடுதான் வந்தது என்பது குழுவின் பெரிய ஆதாரம். அவர்கள் தொடங்குவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பார்க்க இங்கிருந்து பொட்டலம் கட்டி அனுப்பினீர்களே, அதற்குள் என்ன போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அம்மை போட்ட வீட்டுத் துணியை ஊருக்கு அனுப்பிவிட்டு, அங்கேயும் அம்மை வந்ததே என்றால் என்ன செய்வது.

6. ஆகவே ஊசி என்று ஒன்று இருந்ததே இல்லை, எக்ஸ்ரே படம் கணினியில் ஜோடித்தது, என்பது என் பேத்தி மீதான குற்றச்சாட்டு. நிரூபணமானால் பட்டம் கிடையாது. இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளை வாசலில் சேர்க்காது.

நானும் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். பேத்தி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான் இல்லை. அவள் என்னிடம் இதுவரை மூன்று பொய் சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை என்றது ஒன்று. தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போனது ஒன்று. விசாரணை தொடங்கிய பிறகு, சாப்பிட்டுவிட்டேன் என்றது ஒன்று. மூன்றும் அன்றன்றைக்கே பிடிபட்டன. மூன்றையும் நான் மன்னிக்கவும் இல்லை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது ஐயா. சொன்னால் காது சிவந்துவிடும். "படத்த ஜோடிச்சியா?" என்று கேட்டபோது காது சிவக்கவில்லை. கண்தான் சிவந்தது.

7. இனி குழலைப் பற்றி. முதல் முறை ஊசி செய்தபோது, முடியைப் போல் மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்றில் கொஞ்சம் ஊசியைப் போட்டு, இரண்டு முனையையும் நெருப்பில் காட்டி மூடி, சாலைக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடத்தில் இருக்கும் எக்ஸ்ரே அறையில் கொடுத்திருந்தாள். தகடு வருவதற்கு முன்பே அது அங்கே போய்விட்டது. எக்ஸ்ரே அறைக்காரர் அதை எறியாமல் வைத்திருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். குழு கேட்டபோது அலமாரியைத் திறந்து, எடுத்து, காட்டி, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினாராம். உலகத்திலேயே மிச்சமிருக்கும் ஊசி அவ்வளவுதான். இருந்தால்.

திங்கட்கிழமை அந்தக் குழலைப் பொருள் செய்யும் அறைக்குக் கொண்டுபோய், நுட்பத் தராசு அங்கே இருப்பதால் அங்கேயே உடைத்து, இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் என்ன சரக்கு என்று சோதித்து, மறு பங்கை எக்ஸ்ரேக்கு அனுப்புவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. அந்த அறையின் காற்றில், தராசின் தட்டில், கரண்டியின் நுனியில் எல்லாம் தகடு உட்கார்ந்திருக்கிறது. புட்டி நிறைய இருந்த ஊசிக்குச் சில நாள் பிடித்தது; இது ஒரு சிட்டிகைகூட இல்லை. அங்கே உடைத்தால், சாலையைக் கடந்து எக்ஸ்ரேக்குப் போய்ச் சேரும்போது ஊசி தகடாகியிருக்கும். "பார்த்தாயா, தகடுதானே" என்பார்கள். அதற்கப்புறம் உடைப்பதற்கு இன்னொரு குழல் இல்லை.

என் பேத்தி இதைக் குழுவிடம் சொன்னாள். குழலை உடைக்க வேண்டியதே இல்லை, எக்ஸ்ரே கண்ணாடியைத் தாண்டிப் போகும், அதற்காகத்தான் இவ்வளவு மெல்லிய குழல், முதலில் மூடியபடியே படம் எடுங்கள், பிறகு எங்கே வேண்டுமானாலும் உடைத்து என்ன சரக்கு என்று பாருங்கள், என்று சொன்னாள். "குற்றம் சாட்டப்பட்டவர் எங்களுக்குச் சோதனை முறை சொல்லித்தர வேண்டாம்" என்று பதில் வந்தது. அவளுடைய பேராசிரியர் அப்போது பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாராம். வரும் ஆண்டு அவருக்கு ஓய்வு. நிம்மதியாக ஓய்வு பெறட்டும். என் வீட்டில் இனி அவருக்கு இலை இல்லை.

8. இப்போது தங்கள் நிலையம் நிற்கும் இடத்தில் முன்பு பேருந்துப் பணிமனை இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கேதான் எஞ்சின் பிரித்துப் பூட்டும் வேலை பார்த்தார். இன்று அதற்கு அத்தாட்சி காட்டு என்றால் என்னிடம் ஒரு செங்கல் இல்லை. இடித்துவிட்டு அதன் மேலேயே கட்டியிருக்கிறீர்கள். இப்போது இல்லாததால் அது எப்போதும் இருந்ததில்லை என்று ஆகிவிடுமா? ஒரு பொருள் இருந்து இல்லாமல் போவதும், இல்லாத பொருளை இருந்தது என்று சொல்வதும், பின்னால் வந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் குழு சந்தேகப்பட்டதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சந்தேகத்தைத் தீர்க்கும் ஒரே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தப்பான இடத்தில் உடைப்பதைத்தான் குற்றம் என்கிறேன். அவள் பொய் சொன்னாள் என்று நம்புகிறவர்களுக்கும் என் வேண்டுகோளால் நட்டம் ஒன்றும் இல்லை. உள்ளே தகடு இருந்தால் மூடியபடி எடுத்த படத்திலும் தகடுதான் வரும்.

9. ஆகவே தங்கள் மேலான கவனத்துக்கு வைக்கும் கோரிக்கைகள்:

(அ) குழலைப் பொருள் செய்யும் அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. எக்ஸ்ரே அறையிலேயே, மூடியபடியே, முதலில் படம் எடுக்க வேண்டும். உடைப்பது அதற்குப் பிறகு.

(ஆ) குழலைத் தொடுபவரும் கருவியில் பொருத்துபவரும் எக்ஸ்ரே அறைக்காரராக மட்டும் இருக்க வேண்டும். குழுவினர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

(இ) பொருள் செய்யும் அறையில் வேலை செய்தவர் யாரும் அன்று அந்தக் கட்டடத்துக்குள் வரக்கூடாது. குழல் கைதவறி உடைந்துவிட்டால் அவர்கள் சட்டையில் ஒட்டிய தூசு போதும். பேராசிரியர் வரக்கூடாது, நெட்டை மாணவர் வரக்கூடாது. என் பேத்தியும் வரக்கூடாது. அவள் தலைமுடியிலும் துப்பட்டாவிலும் அது இருக்கும். தன் மேல் உள்ள பழி தீர்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க அவளுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவளை வளர்த்த நானே எழுதிக் கேட்கிறேன். இந்த வரியை எழுத எனக்கு வெகு நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை காலையில் நானும் அவளும் சாலைக்கு இந்தப் பக்கம், தங்கள் நிலையத்தின் வெளிக்கதவுக்கு அருகில் நிற்போம். உள்ளே வர மாட்டோம். காவலாளியிடம் தகராறு செய்ய மாட்டோம். படம் வந்ததும் தயவுசெய்து யாரையாவது வாசல் வரைக்கும் அனுப்பி, ஊசியா, தகடா என்று ஒரே ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கள். பார்த்ததைச் சொல்கிறவர் யாராயிருந்தாலும் சரி, அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து நிற்கும்,

(கையொப்பம்)
மாணவியின் பாட்டி

நாள்: வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடும் முன்
இடம்: நிலையத்தின் பின்தெரு