துண்டு போட்ட எட்டாம் எண்

மிக்ஸி ரிப்பேர்காரர் இன்று சமையலறை மேடையிலேயே வைத்து வயரைப் பற்றவைத்தார். ஈயம் உருகி அந்த ரெசின் புகை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "புகைம்மா, தள்ளி நில்லுங்க" என்றார். புகையால் இல்லை. நீ போய் ஒரு மாதம்தான் ஆகிறது.

எண்பதுகளின் பின்பாதி. தென்காசியில் அண்ணாச்சி ஒரு மாடியில் நடத்திய சின்னக் கம்பெனி. நூல் மில்லில் எந்த இயந்திரத்தில் நூல் அறுந்தது என்று காட்டும் பெட்டி செய்தோம். நாள் முழுக்க இதே ஈயப் புகைதான். கம்ப்யூட்டர் தெரிந்த பெண்கள் ஊரில் நாம் இருவர்தான் என்று நமக்குக் கொஞ்சம் தலைக்கனம். பெட்டிக்குள் எல்லாவற்றையும் ஓட்டும் அடிப்படை நிரலான கெர்னலை ஆளுக்குப் பாதியாக எழுதினோம்.

கடிகாரம், கீபோர்டு, மில் இயந்திரம் என்று ஒவ்வொன்றும் சிப்பைக் கூப்பிட ஒரு எண் வேண்டும். அதுதான் இன்டரப்ட். எண் கொடுப்பது என் வேலை. முதல் முப்பத்திரண்டைத் தொடாதீர்கள், பின்னால் வரும் சிப்புகளுக்காக வைத்திருக்கிறோம் என்று சிப் செய்தவன் மானுவலில் எழுதியிருந்தான். கையிலிருந்த சிப்போ தன் கோளாறுகளைச் சொல்ல அதில் நாலைந்தைத்தான் பயன்படுத்தியது. காலியாகத்தானே கிடக்கிறது என்று கடிகாரத்துக்கு எட்டைக் கொடுத்தேன்.

"ஏட்டி, அங்கன அவன் துண்டு போட்டு வச்சிருக்கான். நாளைக்கு ஆள் வந்து எந்திரின்னா எங்க போவ?" என்றாய். வடகரை பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நீ.

"வரும்போது பாத்துக்கிடலாம்" என்றேன்.

ஆள் வந்தே விட்டான். அடுத்த தலைமுறைச் சிப்பில் எட்டு என்றால் மீள முடியாத பழுது. உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அந்த நிறுத்தும் பகுதியை நீ சுத்தமாக எழுதினாய். என் எட்டை மாற்றச் சொன்னாய். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம் அது. மறந்துபோனேன். நீ கேட்டபோது மாற்றிவிட்டேன் என்று சொல்லியும் விட்டேன்.

புதுச் சிப் வைத்த போர்டு வந்த அன்றைக்கே மில்காரர்களும் பார்க்க வந்துவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் கடிகாரம் எட்டாம் எண்ணில் கூப்பிட்டது. சிப் அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு நின்றது. திரையில் நீ எழுதிய பழுதுச் செய்தி, ஒரே வரி. மூன்று முறை போட்டோம், மூன்று முறையும் அதே வரி.

"யாரு எழுதின பகுதிம்மா இது?" அண்ணாச்சி திரையைத் தட்டிக் கேட்டார்.

"நான்தான் அண்ணாச்சி. என் தப்பு" என்றாய்.

நான் மானுவலைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஒரு மணி நேரத்தில் நீயே தேடிக் கண்டுபிடித்து, யார் போட்ட எட்டு என்று சொல்லாமலே அதை நாற்பதாக்கி ஓடவைத்தாய். அதற்குள் மில்காரர்கள் போய்விட்டார்கள். உன்னைப் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்த அண்ணாச்சி, என்னை அனுப்பினார்.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, "அண்ணாச்சிகிட்ட உள்ளதச் சொல்லிருதேன்" என்றேன்.

"சும்மா கெட. எங்க அப்பாவுக்குத் தோப்பு இருக்கு. உங்க அப்பாவுக்கு மருந்து யாரு வாங்குதா? அங்கன பயிற்சி முடிஞ்சா வேலை, சம்பளமும் கூட, போ" என்று சொல்லி என்னைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாய். அருவிக்கு அடியில் நின்று அழுதேன். உனக்குத் தெரிந்திருக்காது என்று அப்போது நினைத்தேன்.

பெங்களூர் எனக்குச் சோறு போட்டது. அப்புறம் எத்தனையோ சிப்புகள் வந்தன; எண்களையெல்லாம் நீ சொன்ன மாதிரி ஒரே அட்டவணையில் வைத்தேன், துண்டு போட்ட இடத்தில் உட்காரவே இல்லை. நீ செங்கோட்டையில் கணக்கு டீச்சராகிவிட்டாய். கடிதத்தில்கூட அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை.

உன் பதினாறாம் நாளன்று வடகரை வீட்டில் உன் மகள் காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா ஒரு நம்பரத் தப்பாப் போட்டுத்தான் பெங்களூர் போக முடியாமப் போச்சாம், பெரியம்மா. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

பெற்ற பிள்ளையிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அது உங்க அம்மா போட்ட நம்பர் இல்லட்டி. நான் போட்டது" என்றேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.