கிடேரியோடு நீ சுற்றி வந்த எல்லை

மகள் ஐஸ்லாந்திலிருந்து அனுப்பிய கம்பளிச் சால்வையை இன்று காலை நனைத்தேன். குப்பென்று ஆட்டு வாடை. கோடையில் அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டால் வருமே, அதே வாடை. உன்னிடம் சொல்ல வாய் எடுத்துவிட்டு, நீ இல்லை என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

தஞ்சாவூர்க் கல்லூரி விடுதியில் அந்தத் தீவை எனக்குக் காட்டியவள் நீதான். தனிமை தேடி அயர்லாந்துத் துறவிகள் முதலில் அங்கே போனார்களாம். பிறகு நார்வேக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து நிலத்தைப் பிடித்தார்கள். அயர்லாந்துப் பெண்களை அடிமைகளாக ஏற்றி வந்தார்கள். பரீட்சைக்கு அவ்வளவு போதும் என்றேன். திருவையாற்று மிராசு வீட்டுப் பெண்ணான எனக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. உனக்குப் போதவில்லை.

"நெலத்தப் பிடிச்சவன் பேரெல்லாம் இருக்குடி. இழுத்துட்டு வந்தாங்களே அந்தப் பொண்ணுங்க, அவங்க பேரு எங்க?"

அந்தத் தீவின் பழைய வழக்கம் ஒன்றையும் படித்துக் காட்டினாய். பொழுது புலர்ந்து சாய்வதற்குள் ஒரு பெண் கிடேரியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு இடத்தைச் சுற்றி வருகிறாளோ, அவ்வளவும் அவளுக்குச் சொந்தம்.

அந்த வருஷம்தான் திருப்பனந்தாள் பக்கத்திலிருந்த உங்கள் தெருவுக்குச் சோதனை வந்தது. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று அரசு சட்டம் போட்டிருந்தது. நீங்கள் கூலி உயர்வு கேட்ட ஆத்திரத்தில் இருந்த பண்ணையார், குடிசைச் சுவருக்கு வெளியே ஒரு பிடி மண்கூடக் கிடையாது என்றார். உன் அப்பாவும் தெரு ஆண்கள் பலரும் கூலி கேட்டதற்காகச் சிறையில் இருந்தார்கள். நீ கூப்பிட்டாய் என்று நான் வந்திருந்தேன். அளக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எல்லையைக் காட்டச் சொன்னார். 

நீ போய் உங்கள் வீட்டுக் கிடேரியை அவிழ்த்தாய். களம், குளத்தங்கரை, சுடுகாட்டுப் பாதை என்று சுற்றத் தொடங்கினாய். உன் அம்மா பின்னால் வந்தார்கள்; பிறகு தெருப் பெண்கள் எல்லோரும். பாதையில் பண்ணையாரின் காரியக்காரர் மறித்து நின்றார். நீ கயிற்றை விடவில்லை.

"மாடு நிக்காதுங்க. கொஞ்சம் வழி விடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் அப்பாவைத் தெரிந்தவர். நான் உன் தோளோடு ஒட்டி நின்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு நம் பின்னாலேயே வந்தார்.

களமும் குளத்தங்கரையும் கிடைக்கவில்லை. வீடுகளும் கொல்லைகளும் உங்கள் பேரில் ஏறின, பாதை பொதுவாயிற்று. நான் அழுதேன். மீதியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நீ மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாய். பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகும் விடாமல் அலைந்து, குளத்தங்கரையையும் தெருவுக்கு வாங்கித் தந்தாய். களத்துக்கான வழக்கை இப்போது உன் மகள் நடத்துகிறாள். போன வாய்தாவுக்கு நானும் போயிருந்தேன்.

என்னிடம் படிக்க வரும் பெண்கள் தங்கள் ஊர் வரலாற்றை எழுதிக்கொண்டு வருகிறார்கள். கோயில் கட்டியவன் பேரும் ஏரி வெட்டியவன் பேரும் இருக்கும். அங்கே முதல் நாற்றை நட்டவள் யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்காது என்கிறார்கள்.

அதனால்தான் ஊர்க் கிழவிகளிடம் போய்க் கேட்டு வரச் சொல்கிறேன்.