கை காட்டினால் நிற்காது

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உங்கள் மகள் போனில் சொன்னார். உங்களிடம் பேச வேண்டும் என்றேன். "அம்மாவுக்குக் காது மந்தம், என்கிட்டயே சொல்லுங்க" என்று எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிட்டார். அதனால்தான் கடிதம். இதிலாவது நீங்கள் நீங்களாகவே பதில் சொல்லலாம்.

நானும் என் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமையே குடிவந்துவிட்டோம். நீங்கள் சொன்னபடி பின்னறை ஜன்னலைச் சற்றுத் தூக்கித்தான் சாத்துகிறோம். அவர் கிடங்கில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்துவிட்டார். நான் திங்கட்கிழமை உங்கள் கணவர் ஓட்டிய பஸ்ஸை எடுத்தேன். அவர் காலமான பிறகு இந்த ஆறு மாதமும் டிப்போவிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து ஓட்டியிருக்கிறார்கள். ஆனாலும் டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நான் ஒரு தலையணை போட்டுத்தான் சமாளிக்கிறேன்.

முதல் நாளே ஒரு கூத்து. காலையில் நம் தெருவுக்குள் பஸ் நுழைந்ததும் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று கை காட்டினார்கள். தையல்காரர் காட்டினார், மருந்துக்கடைக்காரர் காட்டினார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்கூடக் குடையைத் தூக்கினார். புதிதாக வந்தவளுக்கு இவ்வளவு வரவேற்பா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நானும் எல்லாருக்கும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். கடைவீதி வந்து திரும்பிப் பார்த்தால் பஸ்ஸில் ஒருத்தரும் இல்லை.

பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வெள்ளை உறைகள் இருக்கின்றன. தலையணை உறை என்றால் அளவு சரியாக இல்லை. வெயிலில் காயப்போடட்டுமா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் குடியிருக்கும் டிரைவர்


ஜூன் 11

டிரைவர் பெண்ணுக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடும் என்று மகள் பயந்துவிட்டாள். ஹெட்மாஸ்டர் குடையைத் தூக்கினாராம், இவள் கை ஆட்டினாளாம். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நம் தெருவுக்கு பஸ் ஸ்டாப் என்று ஒன்று கிடையாது. வாசலில் நின்று கை காட்டினால் அதுதான் ஸ்டாப். முப்பத்தோரு வருஷம் அவர் அப்படித்தான் ஓட்டினார். யார் என்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆள் வரவில்லை என்றால் ஹார்ன் அடித்துக் கூப்பிடுவார். பஸ் என்பது எங்களுக்குச் சொந்தக்காரர் வண்டி மாதிரி. அதைப் புரிந்துகொண்டால் உனக்கு ஊரில் ஒரு குறையும் வராது.

அந்த உறைகள் பஸ் சீட்டுக்கு நான் தைத்தவை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கழற்றித் துவைத்து, திங்கள் காலை மாட்டிவிடுவேன். வெள்ளை உறை போட்ட பஸ் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே நம்முடையது ஒன்றுதான். நீ அதைத் தொடாதே. முன் சீட்டு, ஏறியதும் இடது பக்கம் இருப்பது, என்னுடையது. அதையும் பார்த்துக்கொள்.

இங்கே ஏழாவது மாடி. ஜன்னலில் நின்றால் மற்றவர்களின் மொட்டை மாடிதான் தெரிகிறது. எப்போது என் வீட்டைப் பார்ப்பேன் என்று இருக்கிறது. அடிக்கடி எழுது.

அன்புடன்,
வீட்டுக்காரி


ஜூன் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கைத்தாங்கல் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கேட்டு நிம்மதி. இங்கே நடப்பதை மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

டிப்போவில் எனக்கு ஒரு ஸ்டாப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன், கிடங்கு வாசல், பள்ளிக்கூடம், கடைவீதி, நம் தெரு முனை. அவ்வளவுதான். நம் தெருவில் ஒன்பது வாசலில் நின்றால் இருபது நிமிஷம் போகிறது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகுதான் பிள்ளைகள் போய் இறங்குகிறார்கள். அதனால் நான் தெரு முனையில் மட்டும் நிறுத்துகிறேன். கைத்தடி ஊன்றி நடக்கும் பழைய கம்பவுண்டருக்கு மட்டும் அவர் வாசலிலேயே நிறுத்துகிறேன். "அவருக்கு மட்டும் எப்படி?" என்று தையல்காரர் சண்டைக்கு வந்தார். கைத்தடி இருந்தால் நிற்கும், கௌரவத்துக்கு நிற்காது என்று சொல்லிவிட்டேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். கிடங்கு வாசலில் நிற்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. அங்கே வரிசை வீடுகளில் நாற்பது குடும்பம் இருக்கிறது. கிடங்கு வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பட்டியலில் அந்த ஸ்டாப் மூன்று வருஷமாக இருக்கிறது. ஒரு நாள்கூட பஸ் நின்றதில்லையாம். முதல் நாள் நான் நிறுத்தியபோது ஒருத்தரும் ஏறவில்லை. வண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, இரண்டு பேர் தள்ளுவதற்குப் பின்னால் போய்விட்டார்கள்.

இப்போது ஏறுகிறார்கள். போன வாரம் பாரம் தூக்கும் ஆள் ஒருவர் தெரியாமல் உங்கள் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து, "யோவ், அது டிரைவர் வீட்டம்மா சீட்டு, எந்திரி" என்றார். அவர் பயந்து எழுந்தார். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, "உக்காருங்க. டிக்கெட் எடுத்திருக்கீங்க" என்றேன். அவர் உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

கோபப்படுவீர்கள் என்று தெரியும். ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

உங்கள்,
டிரைவர்


ஜூலை 2

டிரைவர் பெண்ணுக்கு,

நீ எழுதுவதற்கு முன்பே தையல்காரர், மருந்துக்கடைக்காரர், ஹெட்மாஸ்டர் மூன்று பேரும் போன் செய்துவிட்டார்கள். டிப்போவுக்கு மனு போட்டிருக்கிறார்களாம். இருபத்தொன்பது கையெழுத்து. "அந்த நல்ல மனுஷன் ஓட்டின வண்டியை வந்தவங்களுக்கு விட்டுட்டாளே" என்று ஹெட்மாஸ்டர் தழுதழுத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

உனக்கு என்ன வயது? வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் என் தெருவுக்கு நீ சட்டம் சொல்கிறாயா? அது மண் ரோடாக இருந்தபோதிலிருந்து நாங்கள் அங்கே இருக்கிறோம். உன் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் வேலை என்று தெரிந்தும் நம்பி வீடு கொடுத்தேன். நீ என் சீட்டில் போகிற வருகிறவனை உட்கார வைத்து எனக்கே கடிதம் எழுதுகிறாய். உன் நெஞ்சழுத்தம் யாருக்கும் வராது.

தையல்காரர் மருமகனுக்கு வீடு வேண்டுமாம். இந்த மாதம் முப்பத்தோராம் தேதிக்குள் காலி செய்துவிடு. சாவியை அவரிடம் கொடு. இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரி


ஜூலை 7

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்புள்ள என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் தோன்றியது.

வீடு உங்களுடையது. முப்பத்தோராம் தேதி காலையில் பெருக்கித் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, வழக்கு இல்லை. பஸ் விஷயம் வேறு. பஸ் உங்களுடையது இல்லை, உங்கள் கணவருடையது இல்லை, என்னுடையதும் இல்லை. முப்பதாம் தேதியும் கிடங்கு வாசலில் நிறுத்துவேன், முப்பத்தோராம் தேதியும் நிறுத்துவேன். ஊரே தலைகீழாக நின்றாலும் நிறுத்துவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வரிசை வீடுகளில் ஒரு பெண் இருக்கிறாள், கிடங்கில் சாக்கு தைப்பவள். எல்லாரும் பஸ்ஸில் ஏறுகிறார்கள், அவள் மட்டும் ஏறுவதில்லை. தினமும் கடைவீதிக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கிறாள். நான் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தாலும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். ஒருநாள் மாலை அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மழைக்காலம். அவள் பையனுக்கு இரண்டு வயது. காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றிருக்கிறாள். "பஸ் வேகம் கொறைஞ்சுச்சுக்கா. நின்னுடும்னு நெனச்சு ஓடினேன். முன் சீட்ல ஒரு அம்மா டிரைவரைப் பாத்துக் கையை ஆட்டுனாங்க. வண்டி போயிடுச்சு" என்றாள். நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். பையன் பிழைத்துக்கொண்டான், இப்போது என் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறான். அவள் ஏறமாட்டாள்.

முன் சீட்டில் யார் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அது யாருடைய சீட்டு என்று ஊருக்கே தெரியும், எனக்கும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் தவறாக நினைத்திருந்தால் திட்டி எழுதுங்கள். சந்தோஷமாகப் படிப்பேன்.

உங்கள்,
டிரைவர்


ஜூலை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

திட்டியாவது ஒரு வரி வரும் என்று தபால்காரரைத் தினமும் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிறார்.

டிப்போ அதிகாரி வந்து விசாரித்தார். மனுவில், 'மறைந்த டிரைவரின் வழியில் பஸ் ஓட வேண்டும்' என்று முதல் வரியே உங்கள் கணவர் பெயரோடு இருக்கிறது. பட்டியல்படி நான் செய்வது சரிதான் என்றார். ஆனாலும் "ஏம்மா வம்பு, வேற ரூட் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் சார் என்றேன். "குடியிருக்க வீடு இல்லாம எப்படி இந்த ரூட்ல ஓட்டுவ? விடியக்காலை அஞ்சரைக்கு முதல் வண்டி" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நாலு இடத்தில் வீடு கேட்டுவிட்டோம். வீட்டைக் காலியாக வைத்திருப்பவர்கள்கூடத் தங்கச்சி வருகிறாள், தம்பி வருகிறான் என்கிறார்கள். திடீரென்று ஊருக்கு இத்தனை உறவுக்காரர்கள்.

அந்தப் பெண் நேற்று வந்தாள். "எங்க ரூம்ல இன்னும் ரெண்டு பாய் போட எடம் இருக்கு, வந்துடுங்க" என்றாள். ஏற்கெனவே அங்கே ஐந்து பேர். என் வீட்டுக்காரர் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். ஊரை விட்டுப் போவதற்கு இல்லை, கிடங்கு வரிசைக்கு. இனி பஸ் தினமும் என் வாசலில்தான் முதலில் நிற்கும். உங்கள் தெருவில் கை காட்டி நிறுத்தினார்கள், நான் குடிபோய் நிறுத்தப்போகிறேன்.

பின்னறை ஜன்னலைச் சரி செய்துவிட்டேன். இனி தூக்க வேண்டாம், தள்ளினாலே சாத்திக்கொள்ளும்.

டிரைவர்


ஜூலை 25

என் அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

குழந்தையை நான் பார்க்கவில்லை என்று எழுதி எழுதி நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். பார்த்தேன். நீலப் போர்வை. ஒரு கால் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலைதான் உறை மாற்றியிருந்தேன். அந்த இடத்தில் முழங்கால் அளவு சேறு. அவர் நிறுத்துவதற்குத்தான் பிரேக்கில் கால் வைத்தார். "நிக்காதீங்க, சீட்டெல்லாம் சேறாயிடும்" என்று கையை ஆட்டியது நான்தான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்தாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் இருவரும் வேறு பக்கம் பார்ப்போம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அங்கே பஸ் நிற்காது என்பது அப்படித்தான் ஊர் வழக்கமாகிவிட்டது. அவர் நல்ல மனுஷன்தான். என் பேச்சைக் கேட்டதுதான் தப்பு. அந்தத் தப்பை அவர் தலையில் வைத்து ஊர் மனு எழுதுகிறது, நான் இங்கே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அழுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

போதும். மகளைப் பக்கத்தில் விடாமல் நானே போன் செய்தேன். ஹெட்மாஸ்டரிடம் மனுவிலிருந்து என் கணவர் பெயரை அடிக்கச் சொன்னேன். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா" என்றார். நீங்கள் அடிக்காவிட்டால் நான் வந்து தெருவில் நின்று மூன்று வருஷக் கதையை முழுசாகச் சொல்வேன் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். டிப்போவுக்கும் நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டுவிட்டேன். தையல்காரர் மருமகனுக்கு வேறு வீடு கிடைக்கும், இத்தனை உறவுக்காரர்களுக்கு வீடு இருக்கிற ஊர்தானே.

நீ மூட்டையை அவிழ். பின்னறை எனக்குப் போதும், மற்றது உங்களுக்கு. உனக்குச் செய்யும் தயவு என்று நினைக்காதே. இந்த வயதில் என்னோடு சண்டை போட வீட்டுக்குள் ஒரு ஆள் வேண்டும்.

சனிக்கிழமை பதினொரு மணி வண்டிக்கு ஸ்டேஷனில் நிற்பேன். முன் சீட்டில் யாராவது இருந்தால் எழுப்பாதே, நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். கிடங்கு வாசலில் என்னை இறக்கிவிடு. அந்தப் பெண்ணைப் பார்த்து, கை ஆட்டியவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். அவள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கப்போவதில்லை. என்னோடு பஸ் ஏறினால் ஏறட்டும். மாட்டேன் என்றால் நானும் அவளோடு நடந்தே வருகிறேன். டாக்டர் தினமும் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார். கடைவீதி வழியாகத்தான் வருவோம், தெருவே வாசலில் நின்று பார்க்கட்டும்.

பரணில் இருக்கிற உறைகளை இறக்கி எல்லாச் சீட்டுக்கும் போட்டு வை. சேறு பட்டால் படட்டும். எனக்குக் காலில்தான் ஆபரேஷன், துவைக்கிற கை நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. முப்பத்தோரு வருஷப் பழக்கம், லேசில் போகாது. என்றைக்காவது நான் நம் வாசலில் நின்று கை காட்டினால் நிறுத்தாதே. முதல் நாள் செய்தாயே, அதையே செய். பதிலுக்கு நீயும் கை காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இரு.

உன்,
வீட்டுக்காரி