306-ஆம் அறையில் இல்லாத மகள்

டிசம்பர் 17, செவ்வாய்

மதியம் இரண்டு மணிக்குக் கைஃபெங் வந்து சேர்ந்தேன். பல்கலைக்கழகத்தின் தெற்கு வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் விடுதி. அறை 306. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். வெந்நீர் வருகிறது, ஹீட்டர் ஓடுகிறது, போதும். சனி, ஞாயிறு முதுகலை நுழைவுத் தேர்வு. மாடி முழுக்க 'பிள்ளைகள் படிக்கிறார்கள், மெதுவாக நடக்கவும்' என்று சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்குப் பெயர் தௌ. என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "பிள்ளையோட அட்டையையும் குடுங்கம்மா, சேத்தே பதிஞ்சிடறேன்" என்றாள்.

தேர்வு எழுதப்போவதே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். பின்னால் நான்கு அம்மாக்கள், நான்கு பிள்ளைகள். பிள்ளைகளுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"அவ ஹாஸ்டல்லயே தூங்கிப்பா. பகல்ல படிக்க மட்டும் இங்க வருவா" என்றேன்.

நாற்பத்தைந்து வயதில் என் வாயிலிருந்து முதலில் வருவது பொய்தான் போலிருக்கிறது.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் இதே வாசலுக்கு வந்தவள் நான். தேர்வுச் சீட்டு கையில் இருந்தது. உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லோரும் என்னைவிட நிறையப் படித்தவர்களாகத் தெரிந்தார்கள். திரும்பி பஸ் ஏறிவிட்டேன். வீட்டில், பஸ் தாமதம், உள்ளே விடவில்லை என்று சொன்னேன். அன்றைக்கும் பொய்தான். அதன் பிறகு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்து மூன்று வருடம்.

இந்த முறை உள்ளே போக வேண்டும். தேறுவதெல்லாம் அப்புறம்.

டிசம்பர் 18, புதன்

காலையில் கீழே மிளகுச் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என் கிண்ணத்தில் தன் முட்டையை வைத்தாள். 308-இல் இருப்பவள், ஷாங்ச்சியூவில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறாளாம். கெங் அக்கா. மகன் ஹாவ்ரன் இங்கேயே கடைசி வருடம். ஹாஸ்டலில் சத்தம் தாங்கவில்லை என்று அறை எடுத்துக் கூட இருக்கிறாள்.

"என் பையன் கணக்குல புலி, இங்கிலீஷ்ல பூனை. உன் பொண்ணு என்ன பாடம்?"

"வரலாறு."

"ஐயோ பாவம். சரி விடு, படிக்கட்டும். பேரு?"

"நிங்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பெயர் எப்போதோ தயாராக இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடத்தில் நானும் சுய்யும் பேசி வைத்த பெயர். பிள்ளைதான் வரவில்லை. பதினைந்து வருடமாக யாரும் உச்சரிக்காத பெயரை ஒரு திரைச்சீலைக்காரியிடம் போய்க் கொடுத்துவிட்டேன்.

மதியத்துக்குள் மூன்றாம் மாடி முழுக்க நான் 'நிங் அம்மா'.

டிசம்பர் 19, வியாழன்

கெங் அக்கா கதவைத் தட்டினாள். ஆப்பிள் கொண்டுவந்தாள். மேசையில் என் குறிப்புகள் விரிந்து கிடந்தன. மூடி வைக்க நேரம் கிடைக்கவில்லை.

"நிங் எங்க?"

"நூலகத்துக்குப் போயிருக்கா."

நோட்டைத் தூக்கிப் பார்த்தாள். மிங் காலத்துக் கொள்ளைநோய், அரசு மருந்துச் சாலைகள் - பத்துப் பக்கம். "என்னா கையெழுத்து. அச்சடிச்சாப்பல இருக்கு. இப்படி எழுதற பொண்ணு மனசும் நிதானமா இருக்கும். என் பையன் எழுதினது எறும்பு ஓடினாப்பல இருக்கும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதியவளாகவும் சந்தோஷம், எழுதியவளின் அம்மாவாகவும் சந்தோஷம். வெட்கக்கேடு.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "உயரம் எவ்ளோ இருப்பா?"

"ஏன் அக்கா?"

"சும்மா கேட்டேன். ஹாவ்ரன் நூத்தி எழுபத்தெட்டு."

நூற்று அறுபத்து நான்கு என்றேன். அது என் உயரம்.

மாலையில் தௌ என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொண்ணை நான் இன்னும் கண்ணால பாக்கலையேம்மா. பகல்ல வந்தாலும் வர்றவங்க பேர எழுதணும்." நாளைக்கு அழைத்து வருகிறேன் என்றேன். எங்கிருந்து அழைத்து வருவேன்?

மூன்று பக்கம் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

தேர்வுக்கூடம் பார்க்க எல்லோரும் வாசல் வரை போனோம். தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். பெற்றோர் அதற்கு இந்தப் பக்கம், தேர்வு எழுதுபவர்கள் அந்தப் பக்கம். காவல்காரர் ஒருவர் கையில் ஒலிபெருக்கியோடு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கெங் அக்கா திட்டமே போட்டுவிட்டாள். நாளை காலை மூன்றாம் மாடி அம்மாக்கள் எல்லோரும் சிவப்பு அணிந்து வந்து கோட்டோரம் நிற்க வேண்டும். பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்போது சிவப்பு கண்ணில் பட வேண்டும், அதுதான் ராசி. என்னிடம் சிவப்பு எதுவும் இல்லை என்றதும் தன் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றினாள்.

"அப்புறம், காலையில கோயிலுக்குப் போய் ஊதுபத்தி ஏத்தினேன். ஹாவ்ரனுக்கு மூணு, நிங்குக்கு மூணு. உன் பொண்ணு பேரைச் சொன்னப்ப சாம்பல் உதிரவே இல்ல தெரியுமா? நேரா நின்னுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தேர்வு பயம் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

நாளை அந்தக் கோட்டை எப்படித் தாண்டுவேன்? அத்தனை அம்மாக்களின் கண்முன்னால், அவள் சால்வையோடு? அன்றைக்கு அந்நியர்களைப் பார்த்தே திரும்பினவள் நான்.

சுய் போன் செய்தார். ஸ்கூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தார், பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"திரும்பி வர்றதுன்னா மத்தியான பஸ்லயே வந்துடு. சாயங்கால பஸ்ல கண்ணாடி மூடாது, குளிரும்."

"திரும்பி வருவேன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் என்ன சொன்னேன்? பஸ்ஸப் பத்திச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டேன். பையைக் கட்டிவிட்டேன் - அதையும் எழுதிவிடுகிறேன். பல் துலக்கும் பிரஷ் உட்பட எல்லாம் உள்ளே. காலை ஆறரைக்கு யாரும் எழுவதற்கு முன் இறங்கிவிடலாம். தேர்வுக்கா, பஸ் நிலையத்துக்கா? தெரியல. சத்தியமா தெரியல.

டிசம்பர் 21, சனி

ஆறரைக்கு இறங்கினேன். கெங் அக்கா சிவப்பு மேலங்கியில் படியடியில் நின்றிருந்தாள். கையில் இரண்டு தட்டு. ஒவ்வொன்றிலும் எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சி ஒன்று, அவித்த முட்டை இரண்டு. குச்சியை நட்டுவைத்து முட்டைகளைப் பக்கத்தில் வைத்தால் நூறு. தேர்வு நாளில் எந்த வீட்டிலும் செய்வதுதான்.

"இது நிங்குக்கு. சூடா இருக்கு, ஹாஸ்டல் வாசலுக்கே எடுத்துட்டுப் போ."

"அவ... முன்னாடியே வாசலுக்குப் போயிட்டா அக்கா."

"சாப்பிடாமயா? நீயெல்லாம் ஒரு அம்மா."

எல்லோரும் சேர்ந்து நடந்தோம். தட்டை நான் ஏந்திக்கொண்டு வந்தேன். குளிரில் முட்டை ஆறிப்போனது. ஹாவ்ரன் எங்களுக்கு முன்னால், காதில் கம்பளித் தொப்பி, உதடு முணுமுணுத்தபடி நடந்தான். வாசலில் அவன் கோட்டைத் தாண்டினான். தாண்டியதும் திரும்பிப் பார்த்தான். கெங் அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"இதுல நிங் யாரு? காட்டேன்" என்றாள் என்னிடம்.

மணி எட்டு. எட்டேகாலுக்குக் கதவு மூடும். எதிர்ச்சாரியில் பஸ் நிலையத்துக்குப் போகிற ஒன்பதாம் எண் வண்டி வந்து நின்றது, கதவு திறந்தது. நான் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, இங்கேயாவது. ஏறலாம் என்றுதான் பார்த்தேன். ஏறினால் நிங் இருப்பாள். கெங் அக்காவுக்கு அவள் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள், நல்ல கையெழுத்தில், நூற்று அறுபத்து நான்கு உயரத்தில். உள்ளே போனால் அவள் இல்லை.

முட்டை ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். தட்டைக் கெங் அக்கா கையில் கொடுத்தேன். நடந்தேன்.

"நிங் அம்மா, அங்க போகக் கூடாது" என்று பின்னால் அவள் கத்தினாள்.

காவல்காரர் ஒலிபெருக்கியைத் தாழ்த்தி, "பெத்தவங்க கோட்டுக்கு அந்தப் பக்கம்மா. பிள்ளை சீட்டை மறந்துட்டுப் போச்சா? குடுங்க, நான் சேத்துடறேன்" என்றார்.

"போட்டோவப் பாருங்க" என்று சீட்டை நீட்டினேன். வாயில் முட்டை.

பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். முகம் பார்க்கும் இயந்திரம் பச்சை காட்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். கெங் அக்கா தட்டோடு நின்றாள். கையைத் தூக்கவில்லை.

காலையில் அரசியல், மதியம் இங்கிலீஷ். எழுதினேன். வேறு என்ன சொல்ல?

மாலை ஆறு மணிக்கு விடுதிக்கு வந்தேன். இன்று வருடத்தின் மிக நீண்ட இரவு, கொழுக்கட்டை சாப்பிடாவிட்டால் காது உறைந்து விழுந்துவிடும் என்று ஊரே கொழுக்கட்டை தின்கிற நாள். கீழே அம்மாக்கள் எல்லோரும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு இருந்தார்கள். நான் வந்ததும் பேச்சு நின்றது. படியேறப் போனேன்.

"இங்க வா."

போனேன். கெங் அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆறு ஊதுபத்தி. மூணு இல்லாத பொண்ணுக்கு. அந்த வேண்டுதல் இப்ப யார் கணக்குல போவும்? சொல்லு."

"மன்னிச்சிடுங்க அக்கா. வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு வெக்கம்? படிக்கறதுக்கா? நான் கல்யாணப் பேச்சே ஆரம்பிச்சிட்டேன், எனக்கில்ல வெக்கம்." அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "புள்ள இருக்கா உனக்கு? நெஜமா?"

"இல்ல."

கரண்டியால் கிண்ணத்தைக் கிளறினாள். பிறகு மூடி வைத்திருந்த இன்னொரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "நிங்குக்குன்னு எடுத்து வெச்சது. நீயே தின்னு. காது விழுந்துட்டா நாளைக்கு மணி அடிக்கறது கேக்காது."

இருபது கொழுக்கட்டை. எல்லாம் தின்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று வரலாறு, முந்நூறு மதிப்பெண். கெங் அக்கா மாவுக்குச்சியை மூன்று மாதிரி வளைக்கப் பார்த்து இரண்டு குச்சியை உடைத்துவிட்டாள். கடைசியில் ஏதோ வளைந்தது. கோட்டோரம் நின்று, "நிங் அம்மா, நிதானமா எழுது" என்றாள். பழக்கதோஷம். அவள் திருத்திக்கொள்ளவில்லை, நானும் திருத்தவில்லை.

திரும்பிப் பார்த்தபோது இரண்டு கையும் மேலே இருந்தன.

பிப்ரவரி 24, திங்கள்

முடிவு வந்தது. ஐந்நூற்றுக்கு 361. சுய் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார், இயந்திரம் கூட்டியதையே.

கெங் அக்காவுக்குப் போன் செய்ய மனம் வரவில்லை. அவளே செய்தாள். ஹாவ்ரனுக்குப் போன வருடத் தகுதி மதிப்பெண்ணைவிடப் பதினொன்று குறைவு.

"கோயில்ல வேண்டினது சரியாத்தான் போய்ச் சேந்திருக்கு. அவன் பேரச் சொல்றப்ப எனக்குக் கண்ணுல புகை பட்டுச்சு, அதான்" என்றாள். சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் போன் வைக்கப்பட்டது.

ஏப்ரல் 2, புதன்

நேர்காணல் பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயர் என்னுடையது. இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

மருந்தகச் சாவியைப் போன வாரமே ஒப்படைத்துவிட்டேன். இன்று மாணவியாக முதல் நாள். தெற்கு வாசல் இயந்திரம் என் முகத்தைப் பார்த்துத் திறந்தது. வேறு வேலை இல்லாதவள் போல இரண்டு தடவை வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன்.

டிசம்பர் 19, வெள்ளி

போன வாரம் கெங் அக்கா அழைத்தாள். மூட்டு அறுவை சிகிச்சை, ஒரு மாதம் எழுந்திருக்கக் கூடாதாம். ஹாவ்ரன் நாளை மறுபடி எழுதுகிறான். வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன் என்கிறானாம்.

"நீ போய் நில்லு நிங் அம்மா. அவன் பெரிய ஆம்பள மாதிரிதான் பேசுவான். திரும்பிப் பாக்கறப்ப யாராவது நிக்கணும்."

இன்று அதே விடுதி. அவனுக்கு 306, எனக்கு 308. தௌ இன்னும் அங்கேதான் இருக்கிறாள். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை எழுதறீங்களா, தொணைக்கு வந்திருக்கீங்களா? மொதல்லயே சொல்லிடுங்க" என்றாள்.

"தொணைக்கு" என்றேன். ஹாவ்ரனின் அட்டையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 20, சனி

காலை ஆறரைக்கு மாவுக்குச்சி ஒன்று, முட்டை இரண்டு. ஹாவ்ரன் ஒரு முட்டைதான் தின்றான், பாதிக் குச்சி.

சிவப்புச் சால்வையோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். காவல்காரர் அதே ஆள். என்னைக் கண்டதும் ஒலிபெருக்கியைத் தாழ்த்தி, உள்ளே போகலாம் என்று கையைக் காட்டினார். இல்லை என்று தலையாட்டினேன்.

எட்டேகாலுக்குக் கதவு மூடியதும் ஷாங்ச்சியூவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"திரும்பிப் பாத்தானா?"

"பாத்தான் அக்கா."