மேலே உள்ள படத்தைப் பார்க்கவும்

அக்டோபர் 5, ஞாயிறு

காலை ஆறரைக்குச் சலவைக்கூடத்துக்குப் போய் மதியம் இரண்டு வரை படுக்கை விரிப்பு மடித்தேன். முதியோர் இல்லத்திலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. துவைப்பது இயந்திரம், மடிப்பது நான். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். சலவைக்கூட மேற்பார்வையாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கடிகாரம். மனிதர் நம் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், தன் மணிக்கட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

அறைக்கு வந்தால் குளிர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்த வேளையிலும் ஜன்னலைத் திறந்துபோடுகிற அறைத்தோழி. அதனால் அவள் பெயரே ஜன்னல். என்னைவிட ஒரு வருடம் மூத்தவள். தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை முதல் தேர்வு. பொது சுகாதாரம். மூன்றாம் அத்தியாயம் பாதி நெட்டுரு ஆகிவிட்டது. நடந்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். விடுதித் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்து ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் தலையை நீட்டி, “உள்ள யாருக்குடி பிரசவம்?” என்றாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

கடைசிக் கேள்விதான் பெரியது: பலர் சேர்ந்து வாழும் இடத்தில் தொற்று எப்படிப் பரவும், எப்படித் தடுப்பாய்? பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்படியே நாற்பத்தோராம் பக்கம்! பேனாவை வைத்ததுதான் தெரியும், கை தானாக ஓடியது. ஒரு சொல் பிசகவில்லை.

பள்ளிக்கூட நாளெல்லாம் காலை ஐந்தரைக்கு மொட்டைமாடியில் நான் நடப்பேன். அப்பா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வரிக்கு வரி விரல் ஓட்டுவார். ஒரு சொல் விட்டால் போச்சு. “முதல்லேர்ந்து.” பேருந்துப் பணிமனைக்குக் கிளம்பும் நேரம் வரை முதலிலிருந்துதான். இன்றைக்கு அந்த விரல் எங்கேயும் நின்றிருக்காது.

போன் செய்தேன். “எல்லாம் எழுதினியாம்மா?”

“அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கேன்பா.”

“சபாஷ்.” பக்கத்தில் அம்மாவிடம் அதையே திருப்பிச் சொன்னது கேட்டது.

அக்டோபர் 8, புதன்

வகுப்பு. தூக்கம். மறுபடி வகுப்பு.

அக்டோபர் 16, வியாழன்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை என்னை மட்டும் இருக்கச் சொன்னார். மேசைமேல் கடைசிக் கேள்விக்கு நான் எழுதிய தாள், பக்கத்தில் பாடப்புத்தகம், நாற்பத்தோராம் பக்கம். புத்தகத்தில் இருக்கிற வரியெல்லாம் என் தாளில் மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சள் இல்லாத இடமே இல்லை.

“புத்தகத்த உள்ள கொண்டுவந்தியா, போனா?” (அவர் சொன்னது இங்கிலீஷில். எனக்குள் தமிழாகத்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.)

பார்க்காமல் எழுதினேன் என்றேன். அவர் பென்சிலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். “மேலே உள்ள படத்தைப் பார்க்கவும்” என்று நான் எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் அந்த வரிக்கு மேலே படம் இருக்கிறது. என் தாளில் மேலே என் பெயரும் பதிவு எண்ணும்தான் இருந்தன.

இருபத்தொன்றாம் தேதி விசாரணைக் குழு. காப்பி அடித்தேன் என்று முடிவானால் உதவித்தொகை நிற்கும். அது நின்றால் நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காப்பி. நானா? பத்தாம் வகுப்பில் முன்பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்ததற்கே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னவள் நான்.

அக்டோபர் 17, வெள்ளி

ஜன்னலிடம் சொன்னேன். “அடிப்பாவி, படத்தைப் பாருங்கன்னு வேற எழுதினியா!” என்று கட்டிலில் விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக, “நெஜமாவே பாக்காமதானே எழுதின?” என்றாள்.

இவளே கேட்கிறாளே. அப்புறம் அவர்களை என்ன சொல்ல?

அப்பா போன். “மார்க்கு வந்துச்சா?”

“இன்னும் திருத்தலப்பா.”

அக்டோபர் 18, சனி

இன்று மடித்த விரிப்புகளில் பாதியைக் கடிகாரம் பிரித்துப் போட்டுவிட்டார். மூலை சேரவில்லையாம். மறுபடி முதலிலிருந்து.

அக்டோபர் 21, செவ்வாய்

எழுதித்தான் ஆறவேண்டும் போலிருக்கிறது.

சின்ன அறை. நீள மேசை. ஆசிரியையும், தலைவர் என்ற பெரியவரும், குறிப்பு எழுத ஒருவரும். நான் உட்காரவில்லை. இவர்கள் உள்ளே வந்தபோது எழுந்து நின்றவள், உட்காரச் சொல்வார்கள் என்று காத்து நின்றேன், யாரும் சொல்லவில்லை. இங்கே யாரும் சொல்லமாட்டார்கள், தானாக உட்காரவேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

என் நினைவிலிருந்துதான் எழுதினேன், வேண்டுமானால் இப்போதே சொல்கிறேன் என்றேன். தலைவர் புத்தகத்தைத் திறந்து, “சரி, சொல்லு” என்றார். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஒரு வரி வரவில்லை. அப்போதுதான் காரணம் பிடிபட்டது.

“நடக்கலாமா?” என்று கேட்டேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நடந்தேன். கதவிலிருந்து அலமாரி வரை, அலமாரியிலிருந்து கதவு வரை. நாற்பத்தோராம் பக்கம் முழுவதும், படத்தைப் பார்க்கச் சொல்லும் வரி உட்பட, நிறுத்தம் உட்பட. தலைவர் விரல் ஓட்டிக்கொண்டே வந்தார். அந்த விரலைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. முடித்தபோது அவர் புத்தகத்தை மூடிவிட்டு, “கடவுளே” என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மடச்சி.

ஆசிரியை கேட்டார்: “மூணாவது வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்?”

தமிழில் சொன்னால் அந்த வாக்கியம் இப்படி வரும்: கடத்தும் பொருளின் தன்மையைப் பொறுத்தே தடுப்பு அமையும். அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தேன். நாலாவது வாக்கியம் வந்தது. நிறுத்தினேன். மறுபடி முயன்றேன். முதல் வாக்கியம் வந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். “நீ திருடல. அது தெரிஞ்சுபோச்சு. ஆனா இந்த விடைய எழுதினது நீயில்ல” என்றார்.

வரும் முப்பத்தொன்றாம் தேதி அவர் அறையில் உட்கார்ந்து அதே கேள்விக்கு மறுபடி எழுதவேண்டும். என் சொந்தச் சொற்களில். தேறினால் இருக்கலாம். இல்லையென்றால் உதவித்தொகை இல்லை.

அக்டோபர் 22, புதன்

என் சொந்தச் சொற்கள் என்றால் எவை? எங்கே வைத்திருக்கிறேன் அவற்றை?

அக்டோபர் 25, சனி

சலவைக்கூடம் முடிந்து வந்து ஒரு வழியாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். புத்தகச் சொற்களை எடுத்துவிட்டு அதே பொருள் வரும் வேறு சொற்கள். பழைய புடவைக்குப் புதுச் சாயம். இருந்தாலும் என்னுடையது. மறந்துபோகக்கூடாதே என்று தாழ்வாரத்தில் நடந்தேன்.

ஜன்னல் வந்து குறுக்கே நின்றாள். “என்னத்தடி ஒப்பிக்கிற?”

“நான் எழுதினத.”

“நீ எழுதினதையே நீ மனப்பாடம் பண்றியா?” தாளைப் பிடுங்கிக்கொண்டாள். “அந்த மூணாவது வாக்கியம் இப்பவாவது புரிஞ்சுதா உனக்கு?”

புரியவில்லை. அழுதேன். அவள் எழுந்து போய் ஜன்னலை மூடினாள். இத்தனை நாளில் முதல் தடவை.

அக்டோபர் 26, ஞாயிறு

இதை மட்டும் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும், இடுப்பு விட்டுப்போகிறது.

மடித்து அடுக்கியதை வேனுக்கு அனுப்பத் தள்ளுவண்டியை இழுத்தேன். அடியில் ஈரம். இப்போதுதான் அழுக்கு மூட்டைகளை இறக்கிய அதே தள்ளுவண்டி. வெந்நீரில் அரைமணி நேரம் துவைத்து, சூட்டில் உலர்த்தி, நான் மூலை சேர்த்து மடித்ததை, அந்த ஈரத்தின்மேல் வைக்கப்போகிறேன்! இத்தனை வாரமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

துணி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. நோயைக் கடத்தும் பொருள். இதுதானா? இந்தத் தள்ளுவண்டியா? இதைத்தானா நான் நடந்து நடந்து உருப்போட்டேன்?

கடிகாரத்திடம் போய், அழுக்குக்கும் மடித்ததுக்கும் ஏன் ஒரே வண்டி என்று கேட்டேன். “நீ மடிக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?” என்றார் மணிக்கட்டைப் பார்த்து. இரண்டுக்கும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டியைத் துடைத்துவிட்டு வைத்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

அப்பாவிடம் கத்திவிட்டேன்.

மார்க்கு வந்துச்சா என்றுதான் கேட்டார், பாவம். வழக்கமாகக் கேட்பதுதான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. மஞ்சள் தாள், விசாரணை, நடந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். “எல்லாம் உங்களாலதான்பா. முதல்லேர்ந்து முதல்லேர்ந்துன்னு உயிர எடுத்தீங்களே, ஒரு நாளாவது இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டீங்களா?”

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா” என்றார். “எழுத்து தெரியும், அவ்வளவுதான். நீ சொல்றது புத்தகத்துல இருக்கா இல்லையான்னு மட்டும்தான் என்னால பாக்க முடியும். அர்த்தம் கேட்டு நீ சொன்னா, அது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பிறகு, “சாப்பிட்டியா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். வைத்தார்.

சாப்பிடவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரு சொல் புரியாமல் விரல் ஓட்டியிருக்கிறார் மனிதர், பணிமனைக்குப் போவதற்கு முன்னால், தினமும். எனக்குத் தெரியாதே. நான் கேட்கவுமில்லையே.

அக்டோபர் 31, வெள்ளி

எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரு மணி நேரம். முதல் வரி எழுதும்போதே கை நாற்பத்தோராம் பக்கத்துக்கு ஓடப்பார்த்தது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என்ன வரும் என்று தெரியாது. தூங்கவேண்டும்.

நவம்பர் 8, சனி

மடித்தேன். வண்டியைத் துடைத்தேன். அப்பா இந்த வாரம் போன் செய்யவில்லை. நானும்.

நவம்பர் 13, வியாழன்

அறுபத்தொன்று.

ஐம்பது எடுத்தால் போதும். ஆசிரியை தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: நடை கரடுமுரடு, இரண்டு இடத்தில் தவறு, தள்ளுவண்டி சரி. இனி இங்கேயே இருக்கலாம் என்று கடிதமும் கூடவே. வாழ்க்கையில் இவ்வளவு குறைந்த மதிப்பெண் நான் வாங்கியதில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன், கூட்டலில் பிழை இல்லை.

அறைக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அறுபத்தொண்ணுப்பா. தேறிட்டேன்.”

“அறுபத்தொண்ணா.” கொஞ்சம் விட்டு, “மீதி முப்பத்தொன்பது எங்கம்மா போச்சு?” என்றார். தொண்ணூற்றெட்டு வாங்கினாலும் மீதி இரண்டு எங்கே என்று கேட்கிற குரல்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன். அப்புறம், “என்ன எழுதின, சொல்லேன். தமிழ்ல” என்றார்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். நான் சனி, ஞாயிறுகளில் முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். அழுக்குத் துணி ஒரு கதவு வழியாக வருகிறது, மடித்த துணி இன்னொரு கதவு வழியாகப் போகிறது. மேலே உள்ள படத்தைப் பார்க்கவும்.

“என்ன படம்மா?”

“நானே போட்டதுப்பா. ரெண்டு கதவு, நடுவுல ஒரு தள்ளுவண்டி. அழுக்கையும் அதுலதான் ஏத்துறாங்க, மடிச்சதையும் அதுலதான் ஏத்துறாங்க. தொவைச்சு என்ன பிரயோஜனம்? வண்டி தொட்டதையெல்லாம் நோயும் தொட்டுடும். துணிக்குப் பதிலா அந்த வண்டியத்தான் மொதல்ல மாத்தணும்னு எழுதியிருக்கேன்.”

யோசித்தார். “பணிமனையில கிரீஸ் கையோட ஸ்டியரிங்கத் தொட்டா எங்க மேஸ்திரி கத்துவாரு. டிரைவரு அதத் தொட்டு, கம்பியத் தொட்டு, கடைசில பயணி சட்டையில கறையா நிக்கும்பாரு. அந்த மாதிரியா?”

“அதேதான்பா. அப்படியே அதேதான்.”

எனக்கு மேலே பேச வரவில்லை. தாளில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. இத்தனை வருடத்தில் நான் நின்றால் அடுத்த சொல் அப்பாவிடம் இருக்கும், எடுத்துக் கொடுப்பார். இன்று அவர் கையில் புத்தகம் இல்லை. காத்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம்?” என்றார்.

சொன்னேன். முடித்த பிறகுதான் கவனித்தேன், முழுவதையும் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கிறேன்.